பூட்டு நிறுவனத்துக்கு, பெட்டி பார்வையாளருக்கு

மாதாமாதம் சந்தா கட்டும் குடும்பம் டிடிஹெச் நிறுவனத்திடம் வாங்குவது சேனல்களைப் பார்க்கும் அனுமதியை. ஆனால் அந்த அனுமதி தனியாகக் கிடைப்பதில்லை. நிறுவனம் கொடுக்கும் செட்-டாப் பாக்ஸோடு ஒட்டியே வருகிறது. அந்தப் பாக்ஸை விட்டால் செல்லாது. படம், பாட்டு, புகைப்படம், இணையம் எல்லாவற்றையும் கூடத்து டிவிக்குக் கொண்டுவருவதற்கென்றே சிறிய கணினி ஒன்றை வைத்துக்கொள்பவர்கள் உண்டு. ஹோம் தியேட்டர் பிசி என்பது அதற்குப் புழக்கத்திலுள்ள பெயர். அந்தக் கணினி எதை வேண்டுமானாலும் திரையில் காட்டும், அதன் உரிமையாளர் காசு கட்டி வாங்கிய கட்டணச் சேனலைத் தவிர. இது தொழில்நுட்பத்தின் குறை அல்ல, கொள்கையின் குறை. சேனலைப் பூட்டும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. ஆனால் பூட்டைத் திறந்து பார்க்கும் கருவி எதுவாக இருக்க வேண்டும் என்பதைப் பணம் கட்டியவரே தீர்மானிக்க வேண்டும்.

செட்-டாப் பாக்ஸ் உண்மையில் செய்வது மூன்று வேலைகள். டிஷ்ஷின் அலைவாங்கியான எல்என்பியிலிருந்து கேபிள் வழியே வரும் அலைகளில் வேண்டியதைப் பிடிப்பது, பூட்டைத் திறப்பது, சுருக்கி அனுப்பிய படத்தை விரிப்பது. முதலாவதையும் மூன்றாவதையும் கணினி எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டது. செயற்கைக்கோள் டியூனர் கார்டு ஒன்றைச் செருகினால் போதும். லினக்ஸில் அதற்கான ஆதரவு உட்கருவிலேயே இருக்கிறது. சேனல்களை அடுக்கவும் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவும் விடிஆர் 2000ஆம் ஆண்டிலிருந்தும் மித்டிவி 2002ஆம் ஆண்டிலிருந்தும் இருக்கின்றன. டிவிஹெட்எண்ட், கோடி போன்றவை பின்னர் வந்து சேர்ந்தன. எல்லாமே இலவச மென்பொருள்கள். 2004 டிசம்பரில் தொடங்கப்பட்டு இன்று டிடி ஃப்ரீ டிஷ் என்ற பெயரில் இயங்கும் தூர்தர்ஷன் சேவையின் பெரும்பாலான சேனல்கள் பூட்டில்லாமல் வருவதால், இந்தக் கணினியில் அவை தடையின்றி ஓடும். ஃப்ரீ டிஷ் வருவது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. சன் டைரக்டின் பல சேனல்களும் அதே செயற்கைக்கோள் வழியாக வருகின்றன. டிஷ் ஒன்றுதான், கேபிள் ஒன்றுதான், கணினியும் ஒன்றுதான். இலவசமான டிடி தமிழ் தெரிகிறது; சந்தா கட்டிய சேனல் தெரிவதில்லை. இடையில் நிற்பது அந்த இரண்டாவது வேலை மட்டுமே.

அந்த வேலையும் பெட்டியிலிருந்து பிரிக்க முடியாத ஒன்றல்ல. டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டிவிபி தரத்தைப் பின்பற்றும் நாடுகளில் படத்தைக் கலைத்து அனுப்பும் முறை பெரும்பாலும் பொதுவானது. கலைந்ததைச் சீராக்கும் சாவி பத்து நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் மாறிக்கொண்டே இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவது, அந்தச் சாவியைச் சந்தாதாரருக்கு மட்டும் ரகசியமாகக் கொண்டுசேர்க்கும் ஏற்பாடு. இர்டெட்டோ, கோனாக்ஸ், நாக்ராவிஷன், வீடியோகார்டு என்பவை அத்தகைய ஏற்பாடுகளின் பெயர்கள். இந்த ரகசியப் பகுதியை மட்டும் சிறு செருகியாகத் தனியே எடுத்துவிட வழி செய்யும் காமன் இன்டர்ஃபேஸ் தரம் 1997லேயே ஐரோப்பாவில் வகுக்கப்பட்டது. சந்தாதாரருக்கு நிறுவனம் தரும் ஸ்மார்ட் கார்டைச் செருகிக்குள்ளும் செருகியை டிவிக்குள்ளும் போட்டால் தனிப் பெட்டியே தேவையில்லை. திரை 30 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட டிஜிட்டல் டிவிகளில் இத்தகைய பொது இணைப்பு வாயில் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் விதித்தது. அந்தச் செருகியை ஏற்கும் டியூனர் கார்டுகள் கணினிக்கும் வந்தன. இந்த ஏற்பாட்டில் கார்டின் ரகசியம் கார்டை விட்டும் செருகியை விட்டும் வெளியே வருவதில்லை. திறந்த படம் மட்டுமே கணினிக்கு வந்து சேர்கிறது. யார் சந்தா கட்டியிருக்கிறார், எந்தத் தொகுப்பு, எந்தத் தேதிவரை என்பதையெல்லாம் தீர்மானிக்கும் அதிகாரம் முழுக்க நிறுவனத்திடமே இருக்கிறது.

இந்தியாவில் இந்த யோசனை யாருக்கும் தோன்றாமல் போகவில்லை. 2001ஆம் ஆண்டின் டிடிஹெச் வழிகாட்டு நெறிகளிலேயே, செட்-டாப் பாக்ஸ் திறந்த கட்டமைப்பு உடையதாகவும் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறினாலும் பயன்படுவதாகவும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. நடைமுறையில் அது ஏட்டளவிலேயே நின்றது. செருகியின் விலை புதிய பாக்ஸின் விலையை எட்டியது. கடையில் கேட்டால் கிடைக்கவும் இல்லை. அதோடு ஒரு தொழில்நுட்பக் காரணமும் சொல்லப்பட்டது. முதலில் வந்த நிறுவனங்கள் எம்பெக்-2 முறையில் படத்தைச் சுருக்கின. 2007 டிசம்பரில் சன் டைரக்ட் எம்பெக்-4 முறையோடு வந்தது. அலையை அனுப்பும் தரமும் டிவிபி-எஸ், டிவிபி-எஸ்2 என்று இரண்டானது. பழைய பாக்ஸ் புதிய சேவைக்கு உதவாது என்ற வாதம் பாக்ஸைப் பொறுத்தவரை உண்மைதான். கணினியைப் பொறுத்தவரை அது பொருளற்றது. எஸ்2 டியூனர் கார்டு பழைய தரத்தையும் பிடிக்கும். எம்பெக்-2, எம்பெக்-4, அதற்குப் பின் வந்த எச்இவிசி எதுவானாலும் மென்பொருளைப் புதுப்பித்தால் ஓடும். எந்தக் காரணத்தைச் சொல்லி இந்த நிபந்தனையைக் கைவிட்டார்களோ, அந்தக் காரணம் செல்லுபடியாகாத ஒரு கருவி வீடுகளில் இருக்கிறது. அதைத்தான் கணக்கில் எடுக்கவே இல்லை.

இதனால் பார்வையாளருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். முதலாவது, பதிவு. நிறுவனத்தின் ரெக்கார்டரில் சேமித்தவை அந்தப் பெட்டிக்கு மட்டுமே புரியும்படி பூட்டப்பட்டிருக்கும். நிறுவனத்தை மாற்றினால் சேமிப்பும் கையை விட்டுப் போகும். கணினியில் பதிவு செய்தது வீட்டுக்காரரிடமே இருக்கும். இரண்டாவது, பயன்படுத்தும் விதம். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு மெனுவைப் படித்துச் சொல்லும் குரலோ முதியவருக்கு ஏற்ற பெரிய எழுத்தோ பாக்ஸில் இல்லையென்றால், நிறுவனம் மனது வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கணினியில் அந்த வசதிகள் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவது, போட்டி. 2011 ஜனவரியிலிருந்து எண்ணை மாற்றாமலே செல்பேசி நிறுவனத்தை மாற்ற நம்மால் முடிகிறது; சிம்மை எந்த போனிலும் போட முடிகிறது. சேவையில் அதிருப்தி அடைந்தவர் எளிதாக வெளியேறலாம் என்பதே நிறுவனங்களை ஒழுங்காக நடக்கவைக்கும் பயம். டிடிஹெச்சில் நிறுவனத்தை மாற்றுவது என்றால் புதிய பெட்டி, புதிய இணைப்புக் கட்டணம், அட்டத்தில் தூங்கும் பழைய பெட்டி. அந்தப் பழைய பெட்டிகள் எல்லாம் சேர்ந்து மின்கழிவாகின்றன.

எதிர்வாதங்களில் கனமானது திருட்டு பற்றியது. கணினி என்பது உரிமையாளர் எதையும் மாற்றக்கூடிய கருவி. படத்தை அதற்குள் திறந்துவிட்டால் நகல் எடுத்து விற்றுவிடுவார்கள் என்கிறார்கள். இந்தப் பயம் கற்பனை அல்ல. ஒரு கார்டின் சாவியை இணையம் வழியே பலருக்குப் பகிரும் மோசடி உலகெங்கும் நடந்திருக்கிறது. ஆனால் நிறுவனங்களே கொடுத்த மூடிய பெட்டிகள் மட்டுமே புழங்கிய சந்தைகளிலும் அது நடந்தது. பெட்டியை மூடியது திருடனைத் தடுக்கவில்லை. சந்தா கட்டியவரைத்தான் தடுத்தது. இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. பூட்டிய சேனல்கள் பலவற்றின் நிகழ்ச்சிகளை, ஏன் நேரலையையே, அதே ஊடகக் குழுமங்கள் தம் இணையச் சேவைகளின் மூலம் கணினியின் உலாவியில் காட்டுகின்றன. வைட்வைன் போன்ற உரிமைப் பாதுகாப்பு ஏற்பாட்டை நம்பித்தான் அதைச் செய்கிறார்கள். இணையம் வழியாக வந்தால் பாதுகாப்பானதாக இருக்கும் கணினி, டிஷ் வழியாக வந்தால் மட்டும் ஆபத்தாகிவிடுமா? மிக உயர் தெளிவுப் படங்களுக்கு இணையச் சேவைகள் கூடுதல் பாதுகாப்பு உள்ள கருவிகளையே அனுமதிக்கின்றன. அந்த வரம்பைச் செயற்கைக்கோளுக்கும் வைப்பதில் நியாயம் உண்டு. ஒட்டுமொத்தத் தடைக்கு நியாயம் இல்லை.

சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமைகளை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே கவனத்தோடு வைக்கப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கான நியாயமான கையாளலுக்கு இடம் தருகிறது. இந்தக் கட்டுரை பூட்டை உடைக்கச் சொல்லவில்லை. உடைக்க வேண்டிய தேவையே எழாதபடி முறையான சாவியைக் கொடுக்கச் சொல்கிறது. முறையான வழி இல்லாத இடத்தில்தான் ஆர்வமுள்ளவர்கள் குறுக்குவழி சொல்லும் கூட்டங்களைத் தேடிப் போகிறார்கள்.

அடுத்த எதிர்வாதம் செலவு. பாக்ஸை அடக்கவிலைக்கும் குறைவாகக் கொடுத்து, மாதச் சந்தாவில் ஈடுகட்டுவதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. பாக்ஸ் பொதுவானால் அந்தச் சலுகை போய்விடும், ஏழைகள்தான் பாதிக்கப்படுவார்கள் என்பது வாதம். சலுகைப் பாக்ஸை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அது வேண்டாம் என்பவருக்குச் செருகியும் கார்டும் மட்டும் நியாய விலையில் தரப்பட வேண்டும் என்பதே கோரிக்கை. பாக்ஸ் வாங்காத வாடிக்கையாளரால் நிறுவனத்துக்கு ஒரு மானியம் மிச்சம்தான். சலுகை என்ற சொல்லையும் சற்று உரசிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பெட்டி வாடகைக்காக மட்டும் ஒரு வீடு ஆண்டுக்குச் சராசரியாக 231 டாலர் கட்டுகிறது என்று அந்நாட்டு செனட்டர்கள் இருவர் 2015இல் திரட்டிய விவரம் காட்டியது. வேறு பெட்டிக்கு வழியில்லாத இடத்தில் பெட்டியின் விலையை யார் தீர்மானிப்பார்கள் என்பதற்கு அது சான்று.

கணினியில் டிவி பார்க்க விரும்புகிறவர்கள் எத்தனை பேர், எல்லாம்தான் ஓடிடிக்குப் போய்விட்டதே என்பது மூன்றாவது வாதம். கட்டண டிடிஹெச் சந்தாதாரர்கள் 2020இல் ஏறத்தாழ 7 கோடியாக இருந்து 2025இன் தொடக்கத்தில் 6 கோடிக்கும் கீழே வந்தது உண்மை. தேய்ந்துகொண்டிருக்கும் தொழில் தன் வாசலைத் திறந்து வைப்பதில்தான் அதற்கே நன்மை. இணையத்தால் முடியாத சிலவற்றைச் செயற்கைக்கோள் இன்றும் செய்கிறது: டேட்டா தீராது, ஒரே பந்தை ஒரு லட்சம் பேர் பார்த்தாலும் படம் திக்காது, கம்பிவடம் எட்டாத மலைக்கிராமத்துக்கும் போய்ச் சேரும். ஒருவழிப் பாதை என்பதால் யார் எதைப் பார்த்தார் என்ற குறிப்பும் தானாகத் திரும்பிப் போகாது. எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 1968இல் கார்ட்டர்ஃபோன் வழக்கில் தொலைபேசிக் கம்பியில் பிறர் செய்த கருவியையும் இணைக்கலாம் என்று அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தபோது, அந்தக் கருவியைக் கேட்டவர்கள் சொற்பம். வீட்டுத் தொலைபேசியில் பதிலளிக்கும் கருவியும் ஃபேக்ஸும் மோடமும் பரவியது அந்த வாசல் வழியாகத்தான். இன்றைய ஸ்மார்ட் டிவியும் உள்ளே ஒரு கணினிதான். கணினிக்குத் திறக்கும் வழி எல்லாருக்கும் திறக்கும்.

ஆனால் விதி போட்டுவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. பெட்டிகளைப் போட்டிச் சந்தைக்குத் திறக்க 1996இல் அங்கே சட்டம் வந்தது. கேபிள்கார்டு என்ற செருகியும் வந்தது. 2007 முதல் கேபிள் நிறுவனங்களே தம் பெட்டிகளில் அதைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் நிறுவனங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதன் விளைவு, டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் நிறுவனத்தின் சேனல்களை விண்டோஸ் கணினியில் பார்க்க 2006இல் அறிவிக்கப்பட்ட டியூனர் சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது. கேபிள்கார்டிலும்கூட, சான்றிதழ் பெற்ற முழுக் கணினியை வாங்கினால்தான் ஓடும் என்ற கெடுபிடி 2009 வரை இருந்தது. மக்கள் சலித்துப் போனார்கள். 2020இல் கேபிள்கார்டு விதியே நீக்கப்பட்டது. ஐரோப்பாவில் வேறு கதை. காமன் இன்டர்ஃபேஸின் அடுத்த தலைமுறையான சிஐ பிளஸ், சான்றிதழ் உள்ள டிவியோடு மட்டும் பேசுகிறது. பதிவைத் தடுக்கவோ பதிவுக்குக் காலாவதி வைக்கவோ ஒளிபரப்பாளருக்கு அதிகாரம் தருகிறது. திறந்த மென்பொருளில் இயங்கும் கணினிகள் அதனால் வெளியே நின்றன. பொதுத்தரம் என்ற பெயரிலேயே பெட்டிப் பூட்டு திரும்பி வந்தது.

இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2020 ஏப்ரலில் செட்-டாப் பாக்ஸ்கள் நிறுவனம் மாறினாலும் பயன்படும் வகையில் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்து, யுஎஸ்பி செருகியோடு கூடிய சிஐ பிளஸ் 2.0 தரத்தை முன்வைத்ததை இந்தப் பின்னணியில் படிக்க வேண்டும். யுஎஸ்பி என்பது எல்லாக் கணினியிலும் உள்ள வாயில் என்பதால் நோக்கம் வரவேற்கத்தக்கது. ஆனால் சான்றிதழ் விதி மாறாவிட்டால் செருகி கணினியில் பொருந்தும், சேனல் மட்டும் தெரியாது. செயற்கைக்கோள் டியூனர் உள்ளடங்கிய டிவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரம் வெளியிட்டிருப்பதும் நல்ல தொடக்கம். ஆனால் அத்தகைய டிவியில் பெட்டியில்லாமல் தெரியப்போவது பூட்டில்லாத சேனல்கள்தான். எனவே விதியை எழுதும்போதே மூன்றைச் சேர்க்க வேண்டும். செருகியும் கார்டும் தனியாக, அறிவித்த விலையில், எந்தச் சந்தாதாரர் கேட்டாலும் கிடைக்க வேண்டும். சான்றிதழ் பெறும் நடைமுறை சிறு தயாரிப்பாளருக்கும் திறந்த மென்பொருளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். சொந்தப் பயன்பாட்டுக்கான பதிவைத் தடுக்கும் அதிகாரம் சாதாரணச் சேனல்களுக்கு இருக்கக் கூடாது. 2001ஆம் ஆண்டின் நிபந்தனைக்கு உயிர் வர இவை போதும். இவை இல்லாமல் வரும் எந்தப் பொதுத்தரமும் பழைய பாக்ஸுக்குப் புதிய பெயர் சூட்டுவதாகவே முடியும்.