மலையடியில் ஒரு பாடம்

ஜவ்வாது மலையில், காவலூரில் நின்றுகொண்டு, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று கைப்பேசியில் பார்த்தேன். 'முதலில் என்னைப் புதுப்பி' என்றது செயலி. சிக்னல் இல்லை. பஸ் போய்விட்டது.

அதே காவலூர் வானாய்வகத்தில், 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைப்பதைக் கவனித்தார்கள். அந்தக் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்பது அந்த மறைப்பினால்தான் உலகுக்குத் தெரிந்தது. அவ்வருஷமே இரண்டு வாயேஜர் கலங்கள் புறப்பட்டன. ஒன்று 1986-இல் யுரேனஸை அடைந்து அவ்வளையங்களைப் படமெடுத்தது.

மற்றதுதான் என் கட்சிக்குச் சாட்சி. 2023 நவம்பரில் அது உளறத் தொடங்கியது. நினைவகச் சில்லு ஒன்று கெட்டிருந்தது. 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் யார் போய் மாற்றுவது? பொறியாளர்கள் அந்த நிரலைத் துண்டுகளாக்கி, மிச்சமிருந்த இடுக்குகளில் செருகினார்கள். 2024 ஏப்ரலில் கலம் தெளிவாகப் பேசிற்று. அதன் மொத்த நினைவகம் சுமார் 70 கிலோபைட். இன்றைய சாதாரணக் கைப்பேசியில் இதைப்போல் லட்சம் மடங்கு!

பழைய கஷ்டம் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை. அன்று இடம் குறைவு. எழுதியவர்கள் ஒவ்வொரு வரிக்கும் கணக்கு வைத்தார்கள். அரை நூற்றாண்டு கழித்தும் பிறர் அதைப் பிரித்துச் சரிசெய்ய முடிந்தது. இன்று இடம் மலிந்தது. கூடவே பொறுப்பும் மலிந்துவிட்டது. பஸ் நேரம் சொல்ல எதற்கு இத்தனை மூட்டை? அரைப்படி அரிசியில் குடும்பம் நடத்தியவளிடம் சிக்கனம் கற்பது அவமானமா?

செயலி எழுதும் தம்பிகளே! சிக்னலில்லாத மலையில், ஓர் ஏழையின் பழைய கைப்பேசியில் அது ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு வெளியிடுங்கள்.