அகல்காட்சிப் படமும் அறத்தின் எல்லையும்

எகிப்தியப் படை அலுவலர் முஹம்மது சாதிக் பே 1861ஆம் ஆண்டில் மதீனாவையும், 1880ஆம் ஆண்டில் ஹஜ் பயணக் குழுவோடு சென்று மக்காவையும் ஒளிப்படமாக்கினார். ஒரு தகட்டில் அடங்காத தோற்றத்தைப் பல தகடுகளில் எடுத்து, விளிம்போடு விளிம்பு பொருத்தி அகல்காட்சிப் படமாக அமைத்தார். 1881இல் வெனிசில் கூடிய புவியியல் மாநாட்டில் அவர் பொற்பதக்கம் பெற்றார். ஒட்டும் கலை உண்மைக்குத் துணைநின்ற வரலாறு இது.

இன்று அப்பணியைக் கைப்பேசியே நொடிப்பொழுதில் முடித்துவிடுகிறது. நம் மாணவர்கள் அதனினும் ஒருபடி மேலே செல்கின்றனர். சுற்றிலும் எடுத்த படத்தைக் கணினியில் வட்டமாக வளைத்து, மண் நடுவிலும் விண் புறத்திலுமாக அமையும் 'சிறுகோள்' ஆக்குகின்றனர். கல்லூரி வளாகமே கைக்கடங்கும் உருண்டையாகி விடுகிறது! இதன் அடிப்படைக் கணக்கு புதியதன்று. உருண்டையான வானத்தைத் தட்டையான தகட்டில் வரையும் அஸ்தர்லாப் கருவிக்கு உரிய கணக்கே அது. அல்பீரூனி போன்ற அறிஞர்கள் அதை ஆய்ந்து எழுதினர்.

1904இல் தோன்றிய சுழலும் சர்க்கட் கேமரா மெல்லத் திரும்பும்பொழுது, ஒரு முனையில் நின்ற மாணவன் பின்புறமாக ஓடி மறுமுனையிலும் நின்று, ஒரே படத்தில் இருமுறை தோன்றுவதுண்டு. இத்தகைய விளையாட்டைக் குற்றம் என்போமா? ஒருபோதும் இல்லை.

உமறுப்புலவர் சீறாப்புராணத்து நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைத் தமிழகத்து மருத வளத்தோடு பாடினார். அதனைப் பொய்யென்பார் இலர். அது காப்பிய மரபென்று கற்போர் அறிவர். உலகியல் வழக்கு வேறு, நாடக வழக்கு வேறு எனத் தெளிந்தது தமிழ் மரபு. அணி தன்னை அணியென்று காட்டிக்கொள்ளும் வரை அழகு, மறைத்துக்கொண்டால் வஞ்சம்.

படங்களை ஒட்டிய தடம் தெரியாமல் மறைக்க உதவும் நகலெடுக்கும் கருவியே, 2006இல் பெய்ரூத் நகரப் படமொன்றில் புகையைப் பெருக்கிக் காட்டவும் பயன்பட்டது. உண்மை வெளிப்பட்டதும் ராய்ட்டர் நிறுவனம் அப்படக்காரரின் படங்கள் அனைத்தையும் விலக்கிக்கொண்டது. மெய்யான துயரும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. பொய்யின் பெருங்கேடு அதுவே.

தொலைவில் நடப்பதை விடுவோம். குழுப்படத்திற்கு வராதவரை வந்தவராக ஒட்டுவதும், கூட்டத்தை இருமடங்காக்கிக் காட்டுவதும் நம்மிடையேயும் வழக்கமாகி வருகின்றன. 'அன்பினால் செய்ததுதானே!' என்பர் சிலர். அன்பை மறுக்கவில்லை. ஆயினும் ஐம்பது ஆண்டுகள் கழித்து இம்மலரைப் புரட்டுபவருக்கு அப்படம் நினைவுப்பொருள் அன்று, சான்று. சான்று ஓர் அமானிதம்.

நபிமொழித் தொகுப்பாளர்கள் செய்தியை மட்டும் காக்கவில்லை. அது யார் யார் வழியாக வந்தது என்னும் அறிவிப்பாளர் தொடரையும் காத்தனர். அந்நெறி படத்திற்கும் பொருந்தும். மாற்றிய படத்தின் கீழ் 'அழகுக்காக மாற்றப்பெற்றது' என ஒரு வரி எழுதுவோம்; மூலப்படத்தைத் துறையில் பாதுகாப்போம். நம் மலரே இதற்கு முன்மாதிரியாகட்டும்.

மாணவச் செல்வங்களே! படத்தை வளையுங்கள், உருட்டுங்கள், கோளாக்குங்கள். உண்மையை மட்டும் வளைக்காதீர்கள்.