தாதிமைக் கல்வி: எதைத் தெரிவது?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியானதும் கண்டி நகரத்து வீடுகள் பலவற்றில் ஒருவகை மௌனம் குடிகொள்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். உயிரியற் பிரிவிலே பயின்ற பெண் பேராதனை மருத்துவ பீடத்தையே கனவு கண்டிருப்பாள். இசட் புள்ளி அதற்குப் போதவில்லை. அல்லது ஒரு பாடத்திலே சித்தி கிட்டவில்லை. அயலார் கேள்விக்கு அஞ்சித் தாயார் கோயிலுக்குப் போவதையும் தள்ளிப் போடுகிறார். சில நாட்களில் ஒரு முடிவு பிறக்கிறது: “தாதிமைக்காவது அனுப்பி விடுவோம்.”

இந்த ‘ஆவது’ என்னும் சொல்லைப் பற்றியே முதலிற் சில வார்த்தை கூற விரும்புகிறோம். அது தொழிலையும் தாழ்த்துகிறது. அத்தொழிலுக்குச் செல்லும் பிள்ளையையும் தாழ்த்துகிறது. திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தின் இறுதியிலே நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுபவன் என மருத்துவத்தை நான்காக வகுத்தார். பேணுபவரின்றி மருத்துவம் நிறைவுறாது என்பது அன்றே தெளிந்த உண்மை. 1860 ஆம் ஆண்டில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் லண்டன் புனித தோமையார் வைத்தியசாலையிலே தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கிய காலந்தொட்டு, அது முறையாகப் பயிலவேண்டிய கல்வியாகவே வளர்ந்து வந்திருக்கிறது.

அன்றியும், அவமானத்தை மறைக்கும் அவசரத்தால் விளையும் கேடு மற்றொன்றுண்டு. எந்தக் கதவு முதலில் திறக்கிறதோ அதனுள்ளே பிள்ளையை அனுப்பிவிடுகின்றனர் பெற்றோர். கதவுகள் எவையென்பதை ஆற அமர அறிந்துகொள்வதே முறை.

முதலாவது, பல்கலைக்கழகப் பட்டம். பேராதனைப் பல்கலைக்கழகத்திலே நான்காண்டுத் தாதிமை விஞ்ஞானமாணிப் படிப்பு உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியின்படி மாணவரைத் தெரிவு செய்கிறது. மருத்துவத்துக்குப் போதாத புள்ளி இதற்குப் போதியதாதல் கூடும். ஆனால், விண்ணப்பத்திலே விருப்ப வரிசையைக் குறிக்கும்போது, மனக்கசப்பினால் இதனை எழுதாமலே விட்டுவிடும் மாணவியர் உளர். எழுதாத படிப்பு எவ்வாறு கிட்டும்?

இரண்டாவது, சுகாதார அமைச்சின் மூன்றாண்டு டிப்ளோமா. கண்டியிலும் இதற்கென ஒரு பயிற்சிக் கல்லூரி உண்டு. வர்த்தமானி அறிவித்தல் மூலம் விண்ணப்பம் கோரப்படும். பயிற்சிக் காலத்திலே கொடுப்பனவு கிடைக்கும். சித்தியெய்தியோர் அரச சேவையிலே சேர்வர். விரைவில் வருமானம் தேவைப்படும் குடும்பத்துக்கு இஃது ஏற்ற வழி. எனினும், இங்கும் உயர்தரச் சித்தி அவசியம். எந்த ஆண்டுப் பெறுபேறு, எத்தனை வயது என்னும் விதிகளை ஒவ்வோர் அறிவித்தலிலும் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். அழைப்பு வருமளவும் காத்திருக்கவும் நேரலாம்.

மூன்றாவது, தனியார் நிறுவனங்கள். நல்லவையும் உண்டு, பெயர்ப்பலகை மட்டும் பெரிதாயிருப்பனவும் உண்டு. தோட்டப்புறத்திலிருந்து வந்து நம்மிடம் படித்த மாணவி ஒருத்தி இரசாயனவியலிலே தவறினாள். தந்தையார் தமது சேமலாப நிதிப் பணத்தைக் கட்டி அவளை ஓராண்டுப் படிப்பிற் சேர்த்தார். சான்றிதழும் வந்தது. அதனை எடுத்துச் சென்ற இடத்திலே, “உதவியாளராகச் சேர்க்கலாம், தாதியாகச் சேர்க்க இயலாது” என்றனர். உதவியாளர் தொழில் இழிவானதன்று. ஆனால் தந்தையார் பணம் கட்டியது அதற்காகவுமன்று. வாழ்நாள் உழைப்பின் பயன் ஓராண்டிற் கரைந்தது. அப்பெண் மனந்தளராது இரசாயனவியலை மீண்டும் எழுதிச் சித்தியடைந்தாள். இப்போது அரசாங்கப் பயிற்சியிலே இருக்கிறாள்.

ஆதலின், கட்டணத்தைக் கேட்குமுன் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: “இச்சான்றிதழைக் கொண்டு எமது மகள் தாதியாகப் பதிவு பெற முடியுமா?” 1988 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் சபையிடமே நேரில் விசாரித்தல் நன்று, விளம்பரத்தாளை நம்புதல் நன்றன்று. எந்த வைத்தியசாலையின் விடுதிகளில், எவர் மேற்பார்வையிற் பயிற்சி என்பதையும் கேட்டறிதல் வேண்டும். ஆழமறியாமற் காலை விடலாகாது.

டிப்ளோமாவோடு கல்வி முடிந்துவிடும் என்று எண்ணி வருந்துவோருக்கும் ஒரு வார்த்தை. பதிவு பெற்ற தாதியருக்கென இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 ஆம் ஆண்டிலே தாதிமைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. தொழில் செய்துகொண்டே பட்டம் பெற்றோர் பலர். ஆகவே மூன்றாண்டுப் பயிற்சியைத் தாழ்ந்த வழியென்று கொள்ள வேண்டியதில்லை. ஏணியின் கீழ்ப்படியும் ஏணியின் பகுதியே. ஒரு பாடத்திலே தவறியவருக்கோ, பெரும்பணம் கட்டுவதற்கு முன் அப்பாடத்தை மீண்டும் எழுதுவதே சிக்கனமான வழி.

இவையெல்லாம் பெற்றோர் ஆராயவேண்டியவை. மகளிடம் கேட்கவேண்டியது வேறு. இரவுக் கடமை உனக்கு இயலுமா? இரத்தமும் புண்ணும் கண்டு முகஞ்சுளியாது நிற்பாயா? சிங்களத்தையும் நன்கு கற்றுக்கொள்வாயா? தோல்வியை மறைப்பதற்காகச் சம்மதிப்பவள் முதலாண்டிலேயே சோர்வாள். நோயாளரிடம் பரிவு கொண்டு செல்பவள் நிலைத்து நிற்பாள்.

கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் கண்டி வைத்தியசாலைக்கு வரும் தோட்டத்துத் தாய்மார், தமது நோவைத் தமது மொழியிற் கேட்க ஒருவர் வாராரோ என்று விடுதியிலே ஏங்குகின்றனர். அவர்தம் கட்டிலருகே சென்று, “என்னம்மா செய்கிறது?” என்று கேட்கும் பெண்ணிடம், எத்தனையாம் முறை சித்தியடைந்தாய் என்று அவர்கள் கேட்கப் போவதில்லை. பெற்றோரும் அக்கேள்வியை இத்துடன் நிறுத்திக்கொண்டு, மகளுக்குரிய வழியை அவளோடு இருந்து ஆராய்வார்களாக.