குழி வெட்ட ஊரிலிருந்து ஆள் வேண்டுமா?

மைசூரில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சீட்டுக் கட்டி, கடன் வாங்கி, ரிங் ரோட்டுக்கு அப்பால் முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றை வாங்கி விடுகிறார். உடனே அடுத்த கேள்வி. புதரை வெட்டி, மேட்டைச் சமன் செய்து, வானம் தோண்ட யாரைக் கூப்பிடுவது? “நம்ம ஊர் மேஸ்திரியையே வரச் சொல்லலாம், மாமா. நம்ம ஆள், ஏமாற்ற மாட்டார்” என்கிறார் மைத்துனர். “உள்ளூர் கான்ட்ராக்டரிடம் கொடுங்கள் சார். நாளைக்கு ஒன்று என்றால் அவரைத்தான் பிடிக்க முடியும்” என்கிறார் பக்கத்து மனைக்காரர்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். மண் வேலையை உள்ளூர்க்காரரிடம் கொடுப்பதே நல்லது. ஆனால், கொடுத்ததோடு நம் பொறுப்பு தீர்ந்தது என்று நினைப்பது பெருந்தவறு.

மண்ணை அறிந்தவர் யார்?

எனக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தா, சேலம் பக்கத்திலிருந்து மேஸ்திரியையும் ஆறு ஆட்களையும் வரவழைத்தார். முன்பணமும் கொடுத்தார். நான்கடி இறங்கியதும் பாறை. மூன்று நாள் கடப்பாரை போட்டும் அசையவில்லை. கூலி கட்டாது என்று கண்ட மேஸ்திரி, நான்காம் நாள் ஆட்களோடு பஸ் ஏறி விட்டார். அவர் கெட்டவர் அல்லர். செம்மண்ணுக்கு அடியில் பாறை ஒளிந்திருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? சாமுண்டி மலையைச் சுற்றியுள்ள நிலம் அப்படி. பிறகு வந்த உள்ளூர் கான்ட்ராக்டர், பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்தவர். பாறை உடைக்கும் இயந்திரத்தோடேயே வந்தார்.

பாறை மட்டுமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திவான் பூர்ணையா, காவிரி நீரை மைசூருக்குக் கொண்டுவர ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். அந்தத் தடம் இன்று பல இடங்களில் மண் மூடிக் கிடக்கிறது; அதன் மேல் வீடுகளும் எழுந்து விட்டன. எது பழைய கால்வாய், எது தூர்ந்த குளம், குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்பதெல்லாம் அந்த வட்டாரத்தில் பத்துக் குழி வெட்டியவருக்குத்தான் தெரியும். மனையில் மரம் நின்றால் அதையும் நினைத்தபடி வெட்ட முடியாது. கர்நாடகத்தின் 1976-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி மர அதிகாரியின் அனுமதி வேண்டும். ஊருக்குப் புதிய மேஸ்திரி அரிவாளை எடுத்து விடுவார். அபராதம் நம் தலையில் விழும்.

இன்னொரு காரணமும் உண்டு. ‘உள்ளூர்’ என்ற சொல் இங்கே சூடானது. 1986-இல் சரோஜினி மகிஷி குழுவின் அறிக்கை வந்தது. 2024 ஜூலையில், தனியார் வேலைகளில் உள்ளூர்க்காரருக்கு இடம் ஒதுக்கும் மசோதாவுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்து, எதிர்ப்பு எழுந்ததும் அரசே நிறுத்தி வைத்தது. 1991 டிசம்பர் கலவரத்தின்போது மைசூர் மாவட்டத்திலிருந்து நம்மவர் பலர் மூட்டை முடிச்சோடு கிளம்ப நேர்ந்ததை மூத்தவர்கள் மறக்கவில்லை. நாம் வீடு கட்டப் போவது இந்தத் தெருவில். தெருக்காரருக்கு நாலு நாள் வேலை கொடுப்பது பயத்தால் செய்யும் காரியமல்ல. குடியிருக்க வந்தவர் செய்யும் மரியாதை.

அதோடு, உள்ளூர் கான்ட்ராக்டரின் குழிக்குள் எட்டிப் பாருங்கள். மண்வெட்டி பிடித்திருப்பவர் பெரும்பாலும் தர்மபுரியோ, திருவண்ணாமலையோ, ராய்ச்சூரோதான். கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கியவர்கள் நம்மவர்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆனால் குழிக்குள் இறங்கும் வேலை நம்மை விட்டுப் போகவில்லை.

குழிக்குள் நிற்பவர்

இங்கேதான் நம் பொறுப்பு தொடங்குகிறது. ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை டன் எடை. மார்பளவு மண் சரிந்தாலே மூச்சு நின்று விடும். இந்தியத் தர நிர்ணயப்படி 1.5 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கச் சுவருக்குப் பலகை முட்டுக் கொடுக்க வேண்டும். அல்லது சரிவாக வெட்ட வேண்டும். வெட்டிய மண்ணைக் குழியின் விளிம்பில் குவிக்கக் கூடாது. குறைந்தது ஐந்தடி தள்ளிப் போட வேண்டும். ஏறி வர ஏணி வேண்டும். இவற்றுக்கு ஆகும் செலவு எவ்வளவு? நம் வீட்டுத் தலைவாசல் கதவின் விலையில் ஒரு பங்கு கூட ஆகாது. ஆனால், கான்ட்ராக்டர் தானாகச் செய்ய மாட்டார். நாம் கேட்டால்தான் செய்வார்.

கணக்கையும் எழுதி வைத்துக் கொள்ளுங்கள். நூறு அடி நீளம், மூன்றடி அகலம், ஐந்தடி ஆழம் என்றால் 1,500 கன அடி. நூறு கன அடி ஒரு யூனிட் என்று 15 யூனிட். வெட்டிய மண் பொலபொலத்து உப்பும். அதே 15 யூனிட் லாரியில் 18, 19 ஆகி விடும். ஆகவே லோடு கணக்கில் பேசாமல் குழியின் அளவில் பேசுங்கள். ஜே.சி.பி. வந்தால் அதன் மணி மீட்டரை, தொடங்கும்போதும் முடியும்போதும் குறித்துக் கொள்ளுங்கள். பாறை வந்தால் என்ன கூலி, மண் யாருக்குச் சொந்தம் என்பதையும் முன்பே தீர்த்து விடுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், நட்பும் கெடாது, பணமும் கெடாது.

ஒரு கையெழுத்து போதும்

சட்டம் பார்த்துக் கொள்ளும் என்று இருந்து விடலாமா? 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இருபது பேர் இருந்தால் பொருந்தும் என்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த எல்லை ஐம்பது ஆகி விட்டது. நம் மனையில் இறங்குவது ஆறு பேர். அவர்களுக்கு ஆறுதல் கட்டடத் தொழிலாளர் நல வாரியம்தான். பதினெட்டு முதல் அறுபது வயதுக்குள் இருந்து, ஓராண்டில் 90 நாள் கட்டட வேலை செய்ததற்குச் சான்று காட்டினால் பதிவு செய்யலாம். விபத்து நேர்ந்தால் குடும்பத்துக்கு உதவி கிடைப்பது அந்த அட்டையால்தான்.

அந்தச் சான்று கிடைக்காமல்தான் பலர் பதியாமல் இருக்கிறார்கள். நாளொரு இடம், வாரமொரு கான்ட்ராக்டர் என்று அலைபவருக்கு யார் எழுதிக் கொடுப்பார்? நாம் கொடுக்கலாமே! நாள் முழுதும் அலுவலகத்தில் படிவம் நிரப்பும் நமக்கு, நம் மனையில் இத்தனை நாள் வேலை செய்தார் என்று எழுதிக் கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்கித் தருவது ஒரு வேலையா? மண்வெட்டி பிடிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: எந்த ஊர் மேஸ்திரியானாலும் சரி, வேலை முடியும்போது கூலியோடு அந்தத் தாளையும் கேட்டு வாங்குங்கள்.

உள்ளூர்க்காரரை அழையுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: “பலகை முட்டு உண்டா? ஆட்களுக்கு அட்டை உண்டா?” நாளை நாம் நிம்மதியாகத் தூங்கப் போகும் வீட்டின் அடியில், இன்று ஒருவர் உயிரைப் பணயம் வைத்து நிற்கிறார். அவர் மாலையில் பத்திரமாக மேலேறி வந்த பிறகே அஸ்திவாரத்தின் முதல் கல்லை வைப்போம்.