அத்தாட்சியும் மூடிய ஜன்னலும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 ஜூனில், சிறுவர்களுக்கான கோடை முகாமொன்றைத் திறந்த நிர்வாகிகள், வருவதற்கு முந்தைய 12 நாட்களுக்குள் நோயில்லையென்று பரிசோதித்த அத்தாட்சியை வெகு சிரத்தையாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, சிறுவர்களுக்கு முகக்கவசத்தையும், அவர்கள் கூட்டமாகத் தங்கிய கட்டடங்களில் ஜன்னல்களைத் திறந்துவைப்பதையும் அவசியமென்று கருதாமல் விட்டார்கள். போதாக்குறைக்குத் தினந்தோறும் உரத்த பாட்டும் ஆரவாரமும் வேறு! பரிசோதனை முடிவு தெரியவந்த 344 பேரில் 260 பேருக்குத் தொற்று. பிள்ளைகளுக்கு நோய் பெரும்பாலும் கடுமையாவதில்லை என்னும் சமாதானம் மெய்யேயாயினும், அவர்கள் திரும்பும் வீட்டில் பாட்டனும் பாட்டியும் இருக்கக்கூடுமே. இதனால், தொற்று பரவும் காலத்தில் பள்ளிகளைக் காலவரையின்றிப் பூட்டிவைக்க வேண்டுமென்பது என் அபிப்பிராயமன்று. காற்றோட்டத்துக்கு வழிசெய்யாமல் காகிதத்தை மட்டும் நம்பிக் கதவு திறக்கும் நிர்வாகம் எதுவாயினும், அதனிடம் பிள்ளையை ஒப்படைக்கப் பெற்றோர் மறுக்க வேண்டும்.