இரக்கத்துக்கு அடுத்த காதை

நமக்கு வரும் தறிக் கதைகளில் பாதியில் நெசவாளி இருமிக்கொண்டிருக்கிறார். மீதிப் பாதியில் அவர் மகளுக்குக் கல்யாணப் புடவை இல்லை. ஊருக்கெல்லாம் பட்டு நெய்தவர் வீட்டில் நூல்புடவைதான் என்ற முரண் கடைசிப் பத்தியில் வந்து நிற்கும், வாசகர் கண் கலங்க வேண்டும், கதை முடிந்தது. காஞ்சிபுரத்திலிருந்து வரும் சிற்றிதழுக்கு வேறு என்ன வரும் என்று நாமும் பழகிப்போனோம். திருப்பி அனுப்பினால் கோபமாகக் கடிதம் வருகிறது: ஏழை மேல் இரக்கப்படுவது குற்றமா? குற்றமில்லை. எந்த இரக்கம் என்றுதான் கேட்கிறோம். இந்த ஊர் பல நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் கேள்வி அது.

வரதராஜர் கோயிலின் வடகலை, தென்கலைச் சண்டை என்றதும் நாமமும், யார் முதலில் பாடுவது என்ற வழக்கும், கோர்ட் படியேறிய கதையும்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். இரண்டு கலைக்கும் பதினெட்டு பேதம் சொல்வார்கள். அதில் ஒன்று இரக்கத்தைப் பற்றியது. பகவானின் தயை என்றால் என்ன? பிறர் துன்பம் கண்டு தானும் துன்பப்படுவது என்றது தென்கலை. அந்தத் துன்பத்தைப் போக்க வேண்டும் என்ற விருப்பமே தயை என்றது வடகலை. குறையே இல்லாதவனுக்குத் துன்பம் எங்கிருந்து வரும் என்பது அவர்கள் வாதம். இங்கே தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர் திருவேங்கடமுடையானின் தயையைத் தேவியாகவே நிறுத்தி 'தயா சதகம்' செய்தார். நாமத்துக்காக அடித்துக்கொண்டதை மறந்தாலும் இந்த ஒரு பேதத்தை எழுதுகிறவர்கள் மறக்கக் கூடாது.

எழுத்தாளருக்கு இயல்பாகப் பிடிப்பது தென்கலைக் கட்சி. கூட அழுவதில் தப்பென்ன? தொல்காப்பியம் அழுகையை எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்து, அது பிறக்கும் நான்கு இடங்களில் வறுமையையும் சேர்த்திருக்கிறது. ஆனால் அடுத்தவருக்காக அழுவதாக நினைத்துக்கொண்டு தனக்காக அழுவது ரொம்பச் சுலபம். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரை ஒன்றின் முடிவில் தாமே குறிப்பிடும் பௌத்த உரையாசிரியர் புத்தகோசர், 'விசுத்திமக்க'த்தில் கருணைக்கு இரண்டு பகை சொல்கிறார். தூரத்துப் பகை கொடுமை. அதை யாரும் கண்டுபிடித்துவிடலாம். கிட்டத்துப் பகை சோகம். அது கருணையின் முகத்தோடேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நம் தபாலில் வருவது பெரும்பாலும் அதுதான்.

அரிஸ்டாட்டில் வேறு வழியாக வந்து இதைத் தொடுகிறார். அவர் சொல்லும் கதையில் எகிப்து மன்னன் அமாசிஸ், தன் மகனைக் கொலைக்கு இழுத்துப் போனபோது அழவில்லை. நண்பன் பிச்சை கேட்டு நின்றதைப் பார்த்தபோது அழுதான். மிக நெருங்கியவர் துன்பம் நடுக்கத்தைத்தான் தரும், இரக்கத்துக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும் என்கிறார். பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் கால்விட்டு உட்கார்ந்திருப்பவரிடம் பேசிப் பாருங்கள். தன்மேல் இரக்கப்பட அவருக்கு நேரமில்லை. கூலி, ஜரிகை விலை, வாங்கிய முன்பணம், இந்த ஐப்பசிக்குக் குழியில் தண்ணீர் ஊறுமா, இதுதான் பேச்சு. ஈரம் ஏறினால் பாவு தளரும், தறி நிற்கும். கூலி புடவைக்குத்தானே தவிர நாளுக்கு இல்லை. நம் கதைகளிலும் மழை பெய்கிறது, சோகத்துக்காகப் பெய்கிறது. தறிக்குழிக்குள் ஒரு சொட்டு இறங்குவதில்லை.

கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம், மூன்று நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆளாக நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவர்கள் சிறுவர்கள். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காக அடுத்தவர் தறியில் உட்கார்ந்தவர்களும் உண்டு. பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரம் இருக்கிறது. பிஞ்சு விரல்களைப் பாடிய கவிதைகளுக்குக் கணக்கில்லை. அந்தப் பிள்ளையைத் தறியில் உட்கார்த்தி வைத்தது எது என்று அவை கேட்கவில்லை. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தாரைக் கொண்டு நடத்தும் பட்டறைக்கு விலக்குக் கொடுத்திருந்தது. தறியோ வீட்டுக்குள் இருக்கிறது. ஆய்வாளர் வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1976-இல், கொத்தடிமைக் கடன் செல்லாது என்று இன்னொரு சட்டம் சொல்லியாகிவிட்டது. ஒரு கடனும் ஒரு விலக்கும் சேர்ந்து ஒரு சிறுவனின் பள்ளிக்கூடத்தைத் தின்ற விதம், நல்ல சிறுகதைக்காரர் கையில் என்னவாகியிருக்கும்! விரல்களோடு நின்றுவிட்டோம்.

காஞ்சியில் வந்து முடியும் 'மணிமேகலை' அப்படி நிற்கவில்லை. பஞ்சத்தில் கிடந்த ஊருக்கு மணிமேகலை அமுதசுரபியோடு வருகிறாள், எல்லோருக்கும் சோறிடுகிறாள். இது 28-ஆம் காதை. இன்றைய எழுத்தாளர் என்றால் அங்கேயே முடித்திருப்பார். சாத்தனார் 29-ஆம் காதையில் அறவண அடிகள் வாயால் தர்க்கம் நடத்துகிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், அவற்றின் போலிகள். 30-இல், துன்பம் எதைச் சார்ந்து வருகிறது என்று சொல்லும் பன்னிரண்டு நிதானங்கள். கடைசி இரண்டு காதைகள் வறண்டவை, காவியத்தைக் கெடுத்தவை என்று சொல்வாருண்டு. படிக்கக் கடினம்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் பசித்தவனுக்குச் சோறு போட்ட கையோடு, பசி ஏன் வருகிறது, அதைப் பற்றிப் பிழையில்லாமல் யோசிப்பது எப்படி என்று போன வேறொரு கவி நமக்குத் தெரிந்து இல்லை.

பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' படத்தையும் அழுகைப் படம் என்று ஒதுக்குகிற நண்பர்கள் இருக்கிறார்கள். முடிவு அழவைக்கிறது, உண்மை. அதைவிட, பிரகாஷ்ராஜ் பட்டு இழையை வாயில் அடக்கிக்கொண்டு பட்டறையை விட்டு வெளியே வருகிறாரே, அங்கேதான் படம் உயர்கிறது. சோதனை எங்கே நடக்கும், எங்கே நடக்காது என்று தெரிந்தவர் எழுதிய காட்சி அது. வேலைநிறுத்தத்துக்கு முன்னால் நின்றவனே மகளுக்கான இழைக்காக அதை விட்டுக்கொடுப்பதையும் படம் மறைக்கவில்லை. ஏழை நல்லவனாக இருந்தால்தான் இரக்கம் என்ற நிபந்தனை அதில் கிடையாது. நம் கதைகளில் நெசவாளி பொய் சொல்வதில்லை, குடிப்பதில்லை, சங்கத் தேர்தலில் ஓட்டு மாற்றிப் போடுவதில்லை. அவ்வளவு உத்தமனுக்கு நம் இரக்கம் எதற்கு?

இந்த ஊரில் பிறந்த அண்ணா 1953-இல் தோழர்களோடு கைத்தறித் துணியைத் தோளில் போட்டுத் தெருவில் விற்றார். அதில் அரசியல் இருந்தது, இருக்கட்டும். தேங்கிக் கிடந்தது துணி, வேண்டியது வாங்குகிறவர் என்ற கணக்காவது அதில் இருந்தது.

அடுத்த இதழைத் தறிக்கென்றே ஒதுக்குகிறோம். கதை, கவிதை, கட்டுரை எதுவும் அனுப்பலாம். ஒரு புடவைக்குக் கூலி எவ்வளவு, அதில் பக்கத்து ஆளுக்குப் போவது எவ்வளவு, சங்கத்தில் நெய்வதற்கும் முதலாளிக்கு நெய்வதற்கும் என்ன வித்தியாசம், விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் எந்தக் கடை வழியாகப் போகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். தார் சுற்றும் பெண்கள் எழுதினால் முதல் பக்கம் அவர்களுக்கு. எழுத வராது என்பவர்கள் சொல்லுங்கள், நாங்கள் வந்து எழுதிக்கொள்கிறோம். இருமல் கதைகளை மட்டும் இந்த முறை அனுப்ப வேண்டாம்.