அல்வா கொடுக்காதீங்க!

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறிப் பாருங்கள். யாராவது ஒருத்தர் மடியில் ஒரு பை இருக்கும். அதற்குள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு பாக்கெட் ரொட்டி, ரெண்டு பாக்கெட் பிஸ்கட், நாலு ஆப்பிள். கேட்கவே வேண்டாம், அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் யாரோ படுத்திருக்கிறார். என்ன வியாதி என்று பையோடு போகிறவருக்கே பாதி நேரம் தெரியாது. அப்பெண்டிக்ஸுக்கும் அதே பை, அடிபட்ட காலுக்கும் அதே பை.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? பொதுவாக ஒன்றுமில்லை. (சர்க்கரை நோயாளிக்கு வாங்கிக்கொண்டு போகிற கூத்து வேறு கதை.) ஆனால் படுத்திருப்பவருக்கு சீலியாக் நோய் என்றால், அந்தப் பையில் ஆப்பிளைத் தவிர எல்லாமே விஷம். ரொட்டி கோதுமை. பிஸ்கட் கோதுமை. ஹார்லிக்ஸ்? பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள். முளைகட்டிய பார்லி, கோதுமை மாவு. 1873-ல் ஹார்லிக் சகோதரர்கள் அமெரிக்காவில் கம்பெனி ஆரம்பித்த காலத்திலிருந்து சரக்கின் அடிப்படை அதுதான். "நோயாளிக்கு ஹார்லிக்ஸ்" என்பது தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட ஒரு சடங்கு. சடங்குக்கு முன்னால் லேபிளை யார் படிக்கிறார்கள்?

கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் புரதத்துக்குப் பெயர் குளுட்டன். பரோட்டா மாவு ரப்பர் மாதிரி இழுபடுகிறதே, அதுதான். சீலியாக் உள்ளவர் இதைச் சாப்பிட்டால் அவருடைய நோய் எதிர்ப்புச் சக்தியே அவருடைய சிறுகுடலைத் தாக்கும். சத்தை உறிஞ்சுகிற குடல் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடும். அப்புறம் என்ன சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, வயிறு உப்பல், ரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தையாக இருந்தால் வளர்ச்சி நின்றுபோவது என்று வரிசையாக வரும். இது அலர்ஜி இல்லை. "எனக்கு கத்திரிக்காய் ஒத்துக்காது" ரகமும் இல்லை. இதற்கு மாத்திரை இதுவரை வரவில்லை. ஆயுள் முழுக்க அந்த மூன்றையும் தொடாமல் இருப்பது மட்டும்தான் வைத்தியம்.

மஞ்சக்குப்பத்துப் பெண் ஒருத்தி. சிதம்பரத்தில் விடுதியில் தங்கி பி.காம். படிக்கிறாள். பள்ளிக்கூட நாட்கள் முழுக்க ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை தின்றே வளர்ந்தவள். ஹீமோகுளோபின் ஏறவே ஏறாது. "புள்ளைக்கு ஒழுங்கா சோறு போடறியா இல்லையா" என்று அவள் அம்மாவுக்குத்தான் திட்டு விழும். பிளஸ் டூ முடித்த கோடையில் ஒரு டாக்டருக்குப் பொறி தட்டி, ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்து, எண்டோஸ்கோபி போட்டு, குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்து, வியாதிக்கு ஒரு பெயர் சொன்னார். அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கோதுமைதானே? அரிசிச் சோறு தின்கிற ஊர். இட்லி இருக்கிறது, தோசை இருக்கிறது, கம்பு கேழ்வரகு இருக்கிறது. இதில் என்ன கஷ்டம்?

கஷ்டம் சாப்பாட்டில் வரவில்லை. அன்பளிப்பில் வந்தது.

முதல் தீபாவளிக்கே அத்தை வந்தார். கையில் எவர்சில்வர் தூக்கு. தூக்கில் கோதுமை அல்வா. "உனக்காக நெய் ஊத்தி ரெண்டு மணி நேரம் கிண்டினேன்டி, நல்ல நாளும் அதுவுமா வாயில போடு." சாப்பிடக் கூடாதென்று அம்மா சொன்னார். "கொஞ்சூண்டு சாப்ட்டா ஒண்ணும் ஆவாது, நீங்க ரொம்பத்தான் பயமுறுத்தி வெச்சிருக்கீங்க புள்ளைய" என்று பதில். அத்தையின் முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் அந்தப் பெண் ரெண்டு ஸ்பூன் தின்றாள். அடுத்த ஒரு வாரம் கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். அதற்கு அடுத்த வாரம் கார்ப்பரேட் அக்கவுண்டிங் பரீட்சை. ரிசல்ட்டைச் சொல்ல வேண்டுமா?

தமிழில் "அல்வா கொடுக்கிறது" என்றால் ஏமாற்றுவது. அத்தை ஏமாற்றவில்லை, பாவம். அவர் தன்னையே ஏமாற்றிக்கொண்டார். "கொஞ்சூண்டு" என்கிறார்களே, அந்தக் கணக்கு தெரியுமா? தினம் 50 மில்லிகிராம் குளுட்டன் சில மாதம் உள்ளே போனாலே குடல் கெடத் தொடங்கும் என்பது ஆய்வில் பார்த்த விஷயம். ஒரே ஒரு துண்டு ரொட்டியில் இருப்பது மில்லிகிராம் கணக்கில் அல்ல, கிராம் கணக்கில். அல்வாவோ கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பாலெடுத்துச் செய்வது. அதில் "கொஞ்சூண்டு" என்று ஒன்று கிடையவே கிடையாது.

ஆனாலும் அத்தையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. கோதுமை என்றால் சப்பாத்தி என்பதோடு பாதிப் பேருக்கு அறிவு முடிந்துவிடுகிறது. "சப்பாத்தி ஆகாதா? சரி, ரவா உப்புமா கிண்டித் தர்றேன்." ரவை என்ன மரத்திலா காய்க்கிறது? ரவை கோதுமை. சேமியா கோதுமை. மைதா கோதுமை. ராகி சேமியா என்று வாங்கினால் அதிலும் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சத்துமாவு டப்பாவில் கோதுமையும் பார்லியும் ஒளிந்திருக்கும். இதையெல்லாம் விடுங்கள், பெருங்காயத்தூள்! பிசினை அப்படியே விற்பதில்லை, மாவு சேர்த்துத்தான் தூளாக்குகிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு மைதா அல்லது கோதுமை. சம்பா சாதத்துக்கு ஜோடியாகச் சிதம்பரம் கொத்சு வைக்கிறோம் என்று ஆசையாகக் கூப்பிடுகிறவர்கள் கத்திரிக்காயைப் பார்ப்பார்கள், பெருங்காய டப்பாவின் முதுகைப் பார்க்க மாட்டார்கள். (சம்பா சாதத்தின் சம்பா அரிசி. அல்வாக்காரர் சொல்லும் சம்பா கோதுமை. பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள்.)

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இதெல்லாம் வடநாட்டு வியாதிப்பா, நம்மூர்ல ஏது?" என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் இது ஆபத்தான வாதம். 2016-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தது. சீலியாக் ஆன்டிபாடி வடக்கில் 1.23 சதவீதம் பேருக்கு, தெற்கில் 0.10 சதவீதம் பேருக்கு. அடேயப்பா எவ்வளவு வித்தியாசம்! ஆனால் அதே ஆய்வில் இன்னும் இரண்டு எண்கள் உண்டு. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிறது. தினசரி கோதுமை மட்டும் வடக்கில் 455 கிராம், தெற்கில் 25 கிராம். தட்டில் இருப்பதுதான் வேறு. ராத்திரியானால் பரோட்டா, சர்க்கரை வந்தால் சப்பாத்தி, பிறந்தநாளுக்கு கேக் என்று போய்க்கொண்டிருக்கும் ஊரில் "நமக்கு வராது" என்று எந்த தைரியத்தில் சொல்கிறார்கள்? அபூர்வம் என்பதால் வந்தவருக்கு வலி குறைந்துவிடுமா? அபூர்வம் என்பதால் டாக்டருக்கே சீக்கிரம் தோன்றுவதில்லை, அக்கம்பக்கத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை, கடையில் கேட்டால் முழிக்கிறார்கள். அதுதான் நடக்கிறது.

வணிகவியல் பிள்ளைகளுக்குப் புரிகிற பாஷையில் ஒரு விஷயம். ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1993-ல் கிறிஸ்துமஸ் பரிசுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கொடுத்தவர் செலவழித்த தொகைக்கும், அதை வாங்கியவர் மனதுக்குள் போடும் மதிப்புக்கும் இருக்கும் இடைவெளியைக் கணக்கிட்டார். பரிசின் விலையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை வீண் என்று வந்தது. அன்பை ரூபாயில் அளக்கிறானே என்று உலகமே திட்டியது. திட்டட்டும். சீலியாக் உள்ளவருக்கு ஒரு கிலோ சோன்பப்டி கொடுத்தால் அது எந்தத் தலைப்பில் வரும்? சொத்துப் பக்கத்தில் எழுத முடியாது. தின்ன முடியாது, கொட்ட மனம் வராது, அடுத்தவருக்குத் தள்ளிவிட வேண்டும், கொடுத்தவர் போன் போட்டு "எப்படி இருந்துச்சு?" என்று கேட்கும்போது பொய் சொல்ல வேண்டும். ஐந்தொகையில் அது சுத்தமான பொறுப்பு.

விடுதிப் பிள்ளைகளும் யோக்கியமில்லை. பிறந்தநாள் என்றால் நடுராத்திரி கேக் வெட்டி மூஞ்சியில் அப்புகிறார்கள். அந்தப் பெண்ணுக்கும் அப்பினார்கள். உதட்டில் பட்டது, வாய்க்குள் போனது. துடைத்துக்கொண்டு சிரித்தாள், வேறென்ன செய்வாள்? "ஓவரா சீன் போடறா" என்று பேர் வாங்குவதைவிட ஒரு வாரம் வயிறு கெடுவது பரவாயில்லை என்று இருபது வயதில் தோன்றத்தான் செய்யும்.

இரண்டாம் உலகப் போரின் கடைசி குளிர்காலம், 1944-45. நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ஊரே பட்டினியில் கிடக்க, வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவரிடம் இருந்த சீலியாக் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி கிடைக்கவில்லையே, அதனால்தான். பஞ்சம் நீங்கி மறுபடி ரொட்டி வந்ததும் அந்தக் குழந்தைகள் படுத்துவிட்டார்கள். கோதுமைமேல் அவருக்குப் பல வருடங்களாக இருந்த சந்தேகம் உறுதியானது, 1950-ல் ஆய்வேடாக வெளிவந்தது. நாடே கொண்டாடிய ரொட்டி அது. வார்டில் படுத்திருந்த குழந்தைகளுக்கு மட்டும் அது வேறாக இருந்தது.

இப்போது எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். வியாதியின் பெயரைக் கேட்டதும் சிலர் உஷாராகிவிடுகிறார்கள். உடனே ஆன்லைனில் "குளுட்டன் ஃப்ரீ ஹேம்பர்" ஆர்டர் போடுகிறார்கள். ரிப்பன் கட்டிய பெட்டி, உள்ளே வைக்கோல் மாதிரி காகிதம், அதன் நடுவில் ஆறு பிஸ்கட். விலையைக் கேட்டால் ஒரு மாத மெஸ் பில்லில் பாதி. நல்ல மனசுதான், மறுக்கவில்லை. அந்த முத்திரைக்கு அர்த்தமும் இருக்கிறது, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. ஆனால் அரிசி, உளுந்து, கடலை, எள், வெல்லம், தேங்காய் எல்லாம் கொட்டிக் கிடக்கிற மாவட்டத்தில் கோதுமை பிஸ்கட்டின் போலியைத் தேடி எதற்கு அலைய வேண்டும்? பண்ருட்டி முந்திரிக்கு என்ன குறை? அதிரசம் அரிசி மாவும் வெல்லமும். எள்ளுருண்டை, கடலை உருண்டை, பொரி உருண்டை எதிலும் கோதுமை இல்லை. திருவாதிரைக் களி அரிசியும் பாசிப்பருப்பும் வெல்லமும். சேந்தனார் வீட்டுக்கு நடராஜரே களி தின்னப் போனார் என்று ஊரே கதை சொல்கிறது, ஒரு காலேஜ் பெண்ணுக்குக் கொடுக்க அது கௌரவக் குறைச்சலா?

ஸ்வீட் கடையில் வாங்குவதாக இருந்தால் கொஞ்சம் மூளையைச் செலவழிக்க வேண்டும். ஜாங்கிரி உளுந்து, ஜிலேபி மைதா. பால்கோவா பால், குலாப் ஜாமூனில் மைதா. பாதுஷாவும் சோமாஸும் மைதா. கடலை மாவு மைசூர்பாகு பெயரளவில் சரி, ஆனால் அதே தட்டு, அதே கரண்டி, அதே வாணலி. 2020 அக்டோபரிலிருந்து தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கும் எத்தனை நாளைக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி உத்தரவு இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதிய சீட்டு எந்தத் தட்டில் இருக்கிறது? எனவே லேபிள் ஒட்டிய பொருள், இல்லையென்றால் வீட்டில் செய்தது. வீட்டில் செய்தாலும் மாவு மில்லில் முன்னால் யாராவது கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால் உங்கள் அரிசி மாவில் அது கலந்துதான் வரும். மிக்சியில் அரைப்பது நல்லது.

தின்பதற்கே கொடுக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? சப்பாத்தி படாத ஒரு புது இரும்பு தோசைக்கல் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் எல்லாருக்கும் சப்பாத்தி போடும் கல்லில்தான் அவளுக்கும் தோசை வார்க்கிறார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்தவருக்குத்தான் அந்தப் பரிசு தோன்றும்.

"இவ்வளவு ஆராய்ச்சி பண்ணிட்டு ஒருத்தர் வீட்டுக்குப் போக முடியுமா? அன்பா கொடுக்கறதை வாங்கிக்கிட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஒருவகையில் நியாயமான கேள்வி. வெறுங்கையோடு போவது இந்தப் பக்கத்தில் அவமரியாதை, கொண்டுவந்ததை மறுப்பது அதைவிட அவமரியாதை. ஆனால் பாருங்கள், இந்த மரியாதைக் கணக்கில் செலவு முழுவதும் ஒரே ஆள் தலையில் விழுகிறது. கொடுத்தவர் திருப்தியாக வீட்டுக்குப் போய்விடுகிறார். வாங்கியவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். ஒரு போன் போதும்.

அந்தப் பெண்ணுடைய தாத்தா பண்ருட்டிப் பக்கம். குளுட்டன் என்ற வார்த்தை அவர் வாயில் நுழையாது. ஆனித் திருமஞ்சனத் தேர் பார்க்கச் சிதம்பரம் வருவதற்கு முதல் நாள் போன் போட்டார். "பாப்பா, உனக்கு என்னென்னவோ ஆவாதுன்னு உங்கம்மா சொன்னா. அது எனக்கு வெளங்கல. எது ஆவும்னு சொல்லு, அதைக் கொண்டாறேன்." பழம் ஆகும் தாத்தா என்றாள். மறுநாள் விடுதி வாசலில் சாக்கில் கட்டிய ஒரு முழுப் பலாப்பழத்தோடு வந்து நின்றார், கூடவே ஒரு சின்ன பாட்டிலில் கையில் தடவிக்கொள்ள நல்லெண்ணெய். வாசனை மூன்று மாடிக்கும் போனது. கேக் அப்பிய அதே கூட்டம்தான் சுற்றி உட்கார்ந்து சுளை பிரித்தது. கொட்டையைக்கூட விடவில்லை, ராத்திரி வேகவைத்துத் தின்றார்கள். அவளும்தான்.